யாத்திரை வண்டியும் கழுவு நீரும்

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் ராயகிரிப் பக்கத்துச் சாலைகள் உறங்குவதில்லை. மதுரையிலிருந்து ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, தென்காசி என்று மலையடிவாரத்தை ஒட்டியே வந்து, செங்கோட்டைக் கணவாயைக் கடந்து கேரளத்திற்குள் நுழையும் நெடுஞ்சாலையில், சபரிமலை செல்லும் அன்பர்களின் வண்டிகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். நிழலும் நீரும் கண்ட இடத்தில் வண்டிகள் நிற்கும். அடுப்பு மூட்டுவார்கள், குளிப்பார்கள், உண்பார்கள், பாத்திரங்களைக் கழுவுவார்கள், மீண்டும் புறப்படுவார்கள். தை பிறக்கும் வரை இந்தக் காட்சி மாறாது.

அவர்கள் சென்ற பின் கண்மாய்க் கரைக்குப் போனால் நமக்கு வருத்தமே மிஞ்சும். படித்துறையில் சோற்றுப் பருக்கைகள். நீரின் மேல் எண்ணெய்ப் படலம். ஓரத்தில் சோப்பு நுரையும் ஷாம்பு உறைகளும். கரைக்கு அப்பாலுள்ள புதர்ப் பக்கம் கால் வைக்கவே இயலாது. "வந்தவர்கள் போய்விடுகிறார்கள்; ஆடு மாடுகளுக்கும் நமக்கும் இந்தத் தண்ணீர்தானே!" என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லி அங்கலாய்த்திருக்கிறோம். பங்குக் கூட்டத்தில்கூட ஒரு முறை இது பேசப்பட்டது. பேசியவர்களுள் நாங்களும் உண்டு; சற்று உரத்த குரலிலேயே பேசினோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஆனால் அதே நாங்கள் ஆகஸ்டு மாத இறுதியில் என்ன செய்து வந்தோம்?

வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29-ஆம் நாள் கொடியேறி, செப்டம்பர் 8-ஆம் நாள் அன்னையின் பிறப்பு விழாவோடு திருவிழா நிறைவுறும் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பகுதியிலிருந்து அங்கு செல்ல முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். ஆறேழு குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பிடிப்போம். ஓட்டல் சாப்பாடு கட்டுப்படியாகாது, குழந்தைகளுக்கும் ஒத்துக்கொள்ளாது. ஆகவே அரிசி, பருப்பு, எரிவாயு அடுப்பு, அண்டா, குண்டா எல்லாம் வண்டிக்குள் ஏறிவிடும். மதுரையைத் தாண்டி எங்கேனும் மரத்தடியில் ஒரு வேளைச் சமையல், தஞ்சை மண்ணில் வாய்க்கால் ஓரம் மறு வேளைச் சமையல் என்று போவது பல ஆண்டு வழக்கம். குழந்தைகளுக்குத் திருவிழாவைவிட இந்த மரத்தடிச் சாப்பாட்டின் மேல்தான் ஆசை அதிகம்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படித்தான் புதுக்கோட்டைச் சீமையில் ஓர் ஊருக்கு வெளியே வண்டியை நிறுத்தினோம். சுற்றிலும் மரங்கள், நடுவே தெளிந்த நீர், இறங்குவதற்குக் கற்படிகள். இதைவிட நல்ல இடம் கிடைக்குமா என்று மகிழ்ந்து சமைத்து உண்டோம். பிறகு பெண்கள் குழம்புச் சட்டிகளையும் எண்ணெய்ச் சட்டியையும் எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார்கள். முதற் சட்டியைத் தேய்த்து நீரில் அமிழ்த்தியபோது, இடுப்பில் குடத்தோடு ஒரு மூதாட்டி மேற்படியில் வந்து நின்றார். திட்டவில்லை. கூச்சல் போடவில்லை. "ஆத்தா, இது நாங்க குடிக்கிற ஊருணி. நாங்க இதுல காலைக்கூட நனைக்க மாட்டோம்," என்று மட்டும் சொன்னார்.

ஊருணி என்றால் என்ன என்பதை அன்றுதான் அறிந்தோம் என்று சொன்னால் வாசகர்கள் நம்ப வேண்டும். கண்மாய் பாசனத்திற்கு; ஊருணி ஊரார் உண்பதற்கு. பெயரிலேயே அது இருக்கிறது. புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரச் சீமைகளில் மழை நீரைச் சேர்த்து வைத்துக் குடிப்பதற்கென்றே ஊருணிகளை வெட்டி வைத்தார்கள். ஆடு மாடு இறங்காமல் வேலி, செருப்போடு இறங்காமல் கட்டுப்பாடு என்று ஊரே காவல் காக்கும். அப்படிப்பட்ட நீரில் எங்கள் மீன் குழம்புச் சட்டி மிதந்துகொண்டிருந்தது. நாங்கள் கார்த்திகை மாதத்தில் எவரைக் குறை கூறினோமோ, அவர்கள் செய்ததற்குச் சற்றும் குறையாததை, ஜெபமாலை சொல்லிக்கொண்டே வந்து நாங்கள் செய்துவிட்டோம்.

அன்று மாலை வரை வண்டிக்குள் பேச்சு எழவில்லை. இந்தக் கட்டுரை அந்த மௌனத்திலிருந்து பிறந்தது எனலாம்.

காலமும் நம்மோடு ஒத்துழைப்பதில்லை

இதில் நாம் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்றுண்டு. நம் தென்மாவட்டங்களுக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. அது அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும். வேளாங்கண்ணித் திருவிழாவோ அதற்கு முன்னதாக வருகிறது. அதாவது, குளம் குட்டைகளில் நீர் மிகவும் வற்றி, அடியில் கொஞ்சம் தேங்கி நிற்கும் காலத்தில்தான் வண்டி வண்டியாக நாம் போகிறோம். நடந்து செல்வோரும் ஆயிரக்கணக்கில் போகிறார்கள். நிறைந்த கண்மாயில் கலந்தால் நீர்த்துப் போகக்கூடிய அழுக்கு, வற்றிய குட்டையில் அப்படியே தங்கிவிடும். சோப்புத் தூளிலும் உணவுக் கழிவிலும் உள்ள சத்துகள் நீரில் பாசியைப் பெருக்கும். பாசி அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி குன்றும். மீன் செத்து மிதக்கும்.

காவிரிப் படுகைக்குள் நுழைந்தால் நிலைமை வேறு. மேட்டூர் அணை உரிய காலத்தில் திறக்கப்பட்ட ஆண்டுகளில், ஆகஸ்டு மாதத்தில் வாய்க்கால்களில் நீர் ஓடிக்கொண்டிருக்கும். ஓடுகிற நீர் அழுக்கை அடித்துச் சென்றுவிடும் என்று நமக்கு ஒரு நம்பிக்கை. எங்கே அடித்துச் செல்லும்? கடைமடை வரை ஒவ்வொரு ஊர்ப் படித்துறையிலும் யாரோ ஒரு தாய் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள்.

குற்றாலம் நமக்கு அருகில் இருப்பதால் அதையும் சொல்லிவிடலாம். அருவி நீர் ஓயாமல் விழுந்து ஓடத்தான் செய்கிறது. இருந்தும் எண்ணெயும் சோப்பும் ஷாம்புவும் அளவுக்கு மீறிப் போனதால், அவற்றை அருவிகளில் பயன்படுத்தக் கூடாதென்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே தடை விதிக்க நேர்ந்தது.

இரண்டு நீர்கள்

மேனாடுகளில் வீட்டையே சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றும் வழக்கம் உண்டு. படுக்கை, அடுப்பு, குளியலறை, கழிப்பறை எல்லாம் அந்த வண்டிக்குள்ளேயே இருக்கும். அமெரிக்காவில் 'ஆர்.வி.' என்றும், வேறிடங்களில் 'கேரவன்' என்றும் அழைப்பார்கள். நம் அண்டை மாநிலமான கேரளத்தில் 2021-ஆம் ஆண்டு அரசே கேரவன் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கையை அறிவித்தது. நம் போன்ற பங்குக் குடும்பங்களுக்கு அது எட்டாத ஆடம்பரம். ஆயினும் அந்த வண்டிக்காரர்கள் கழிவு நீரைக் கையாளும் முறையில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

அவ்வண்டியில் மூன்று தொட்டிகள் இருக்கும். ஒன்று நல்ல நீருக்கு. மற்ற இரண்டும் கழிவுக்கு. சமையல், குளியல், கை கழுவுதல் ஆகியவற்றின் நீர் ஒரு தொட்டியில் சேரும். அதைச் சாம்பல் நீர் என்பார்கள். கழிப்பறை நீர் வேறு தொட்டியில் சேரும். அது கறுப்பு நீர். இரண்டையும் கலக்க விடுவதில்லை. ஏனெனில் இரண்டின் குணமும் வேறு. முன்னது அழுக்கு; பின்னது நோய். வாந்திபேதி, குடற்காய்ச்சல், ஒரு வகை மஞ்சள் காமாலை ஆகியவை மனித மலத்திலிருந்து நீருக்கும், நீரிலிருந்து வாய்க்கும் வருபவை. 1854-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் ஜான் சுனோ என்ற மருத்துவர், ஒரு தெருக் குழாயின் நீரைக் குடித்தவர்களையே வாந்திபேதி கொண்டுபோயிற்று என்று வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்துக் காட்டினார். அந்தக் குழாய்க் கிணற்றில் அருகிலிருந்த ஒரு கழிவுக் குழியின் நீர் கசிந்திருந்தது.

கேரவன் வண்டிக்காரர் இந்தத் தொட்டிகளைச் சாலையோரம் திறந்துவிட்டுப் போவதில்லை. அதற்கென அமைந்த இடத்திற்குச் சென்று, குழாய் மாட்டி, முதலில் கறுப்புத் தொட்டியைக் காலி செய்வார். பிறகு சாம்பல் நீரைத் திறப்பார். அது போகிற போக்கில் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். தொட்டி ஓரளவு நிரம்பும் வரை திறக்காமல் வைத்திருப்பதும் ஒரு நுட்பம். அவ்வப்போது திறந்துவிட்டால் நீர் மட்டும் ஓடிப்போய்க் கட்டி அடியிலேயே இறுகிவிடும். சமையற்கட்டில் எண்ணெய்ச் சட்டியைத் துடைக்காமல் அவர் கழுவமாட்டார். எண்ணெய் குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். தன் அழுக்கைத் தானே சுமந்து செல்ல வேண்டியிருப்பதால், அதைக் குறைப்பதற்கும் அவரே வழி தேடுகிறார். எங்களுக்கு மிகவும் பிடித்துப்போன செய்தி இதுதான். நம் வேனிலும் ஒரு தொட்டி இருந்தால் நாமும் சிக்கனமாகக் கழுவுவோம்; குளம் இருப்பதால் தாராளமாகக் கழுவுகிறோம்.

பொதிகை வண்டியின் அடியில்

வண்டி ஓடும்போதே கழிவை வழியில் விட்டுச் செல்வது நமக்குப் புதிதன்று. நம் இரயில்கள் ஏறத்தாழ நூறாண்டுகளாக அதைத்தான் செய்து வந்தன. 1909-ஆம் ஆண்டு ஒகில் சந்திர சென் என்பவர், பலாப்பழம் மிகுதியாக உண்டதால் வயிறு உப்பி, அகமதுபூர் நிலையத்தில் இறங்கி ஒதுங்கியபோது வண்டி புறப்பட்டுவிட்டதையும், ஒரு கையில் செம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி விழுந்ததையும் விவரித்து இரயில்வேக்கு முறையீடு எழுதினார். இந்தக் கடிதத்திற்குப் பிறகுதான் சாதாரண வகுப்புப் பெட்டிகளிலும் கழிப்பறை வந்ததென்று சொல்வார்கள். அவருக்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஆனால் அந்தக் கழிப்பறைகளின் அடியில் இருந்தது ஓர் ஓட்டை மட்டுமே. நிலையத்தில் வண்டி நிற்கும்போது பயன்படுத்தாதீர் என்று எழுதி வைத்திருப்பார்கள். எத்தனை பேர் அதைப் பொருட்படுத்தினார்கள்? தண்டவாளங்கள் அரித்துப் போயின என்பது ஒரு புறம் இருக்கட்டும். தண்டவாளங்களுக்கு இடையே துடைப்பத்தோடு குனிந்து நின்றவர்கள் யார் என்பதை நம்மில் பலர் சன்னல் வழியே பார்த்திருக்கிறோம். பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பியுமிருக்கிறோம்.

இந்த நிலை மாறியதற்குக் காரணம் உயிரிக் கழிப்பறை. பனிமலைகளில் காவல் புரியும் படைவீரர்களின் கழிவு மக்காமல் கிடப்பதைக் கண்டு, பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் குவாலியர் ஆய்வுக்கூடத்தார் காற்றின்றி வாழும் நுண்ணுயிர்களைக் கொண்டு ஒரு முறையை உருவாக்கினார்கள். அதையே இரயில்வே எடுத்துக்கொண்டது. பெட்டியின் அடியில் ஒரு தொட்டி. அதனுள் அந்த நுண்ணுயிர்கள். அவை மலத்தை நீராகவும் வாயுவாகவும் மாற்றிவிடும். எஞ்சிய நீர் குளோரின் கலந்து வெளியேறும். இம்முறையில் கழிவு விழாத பசுமைத் தடம் என்று நாட்டிலேயே முதன்முதலாக 2016-இல் அறிவிக்கப்பட்டது நம் தமிழகத்தின் மானாமதுரை–இராமேசுவரம் பாதைதான், 114 கிலோமீட்டர். இன்று சங்கரன்கோவிலில் நாம் ஏறும் பொதிகை வண்டியின் அடியிலும் தொட்டிகளைக் காணலாம்.

ஆனால் அந்த நுண்ணுயிர்களுக்கும் பிளாஸ்டிக் புட்டியைத் தின்னத் தெரியாது. குழந்தைகளின் அணையாடை, பெண்கள் பயன்படுத்தும் அணையாடை, குட்கா உறை, துணி ஆகியவற்றைப் போட்டு அடைத்துவிட்டு, 'இரயில்வே சரியில்லை' என்று எழுந்து வருவது நம் வழக்கம். நாம் தங்கும் விடுதிக் கழிப்பறைக்கும் இதே கதைதான். அடைப்பைக் குச்சியால் எடுக்க முடியாதபோது ஒரு மனிதன் வரவழைக்கப்படுகிறான். கைகளால் மலம் அள்ளச் செய்வதையும், பாதுகாப்பின்றிக் கழிவுத் தொட்டிக்குள் ஆளை இறக்குவதையும் 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டம் வந்த பின்னும் தொட்டிக்குள் இறங்கியவர்கள் நச்சு வாயுவால் மாண்ட செய்திகளைத் தமிழகத்து நாளிதழ்களில் நாம் படித்துவிட்டோம். திருத்தல விடுதியில் நாம் அலட்சியமாகப் போடும் ஒரு துணியின் மறு முனையில் ஓர் ஏழைக் குடும்பத்தின் தலைவன் இருக்கக்கூடும்.

பெண்கள் சொல்லாத துன்பம்

குடும்பங்கள் படிக்கும் இதழ் என்பதால் இதை எழுதலாமா என்று சற்றுத் தயங்கினோம். குடும்பங்கள் படிக்கும் இதழ் என்பதாலேயே எழுதுகிறோம். ஆண்கள் மரத்தடியில் ஒதுங்கிவிட்டு வந்து வண்டியை எடுக்கச் சொல்லிவிடுகிறார்கள். பெண்களோ விடிவதற்கு முன் ஒரு முறை, இருட்டிய பின் ஒரு முறை என்று அடக்கிக்கொள்கிறார்கள். அடக்குவதற்காகத் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திக்கொள்கிறார்கள். எங்கள் குழுவில் வந்த ஒரு மதினி, போக வர இரண்டு நாளும் சரியாகத் தண்ணீர் குடிக்காமல் இருந்து, ஊர் திரும்பியதும் நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாய்ப் படுத்துவிட்டார். டாக்டரம்மா கேட்ட முதற் கேள்வியே, "பயணத்தில் தண்ணீர் குடித்தீர்களா?" என்பதுதான்.

இதற்கு இப்போது எங்கள் வழி இது: வண்டி புறப்படும் முன்பே எந்தெந்தப் பெட்ரோல் பங்கில் நிற்பது, எங்கே கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்பதை ஓட்டுநர் அண்ணாச்சியோடு பேசி முடிவு செய்துவிடுகிறோம். இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை நிறுத்தம்; எவரும் கேட்க வேண்டியதில்லை. முதியோருக்காக மூடியுள்ள வாளி பொருத்திய ஒரு நாற்காலி வண்டியின் பின்புறத்தில் இருக்கிறது, சுற்றிலும் திரை. அடியில் மரத்தூளும், பயன்படுத்திய பின் மேலே ஒரு கை மரத்தூளும் போட்டால் நாற்றம் எழுவதில்லை. வழியில் எங்கும் கொட்டுவதில்லை. மரத்தூள் கலந்ததைக் கழிப்பறைக் குழாயில் கொட்டினாலும் அடைத்துக்கொள்ளும். ஆகவே வாளியை இறுக மூடி, ஊருக்கே கொண்டுவந்து, எங்களுள் ஒருவர் தோட்டத்தில் ஆழக் குழி வெட்டிப் புதைத்துவிடுகிறோம். முதல் ஆண்டு இளைஞர்கள் முகம் சுளித்தார்கள். மறு ஆண்டு அவர்களுள் ஒருவனே வாளியைத் தூக்கிச் சென்றான்; அவன் பாட்டியும் உடன் வந்திருந்தார்.

கழிப்பறையே கிடைக்காத இடத்தில் என்ன செய்வது? இதற்கு விடை விவிலியத்திலேயே இருக்கிறது என்று எங்கள் பங்குத்தந்தை சொன்னபோது நாங்கள் வியந்தோம். இணைச் சட்டம் நூலின் 23-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பெரியவர்கள் உபாகமம் என்று அறிந்திருப்பார்கள். பாலைவனத்தில் கூடாரமடித்துச் சென்ற மக்களுக்கு, பாளையத்திற்கு வெளியே ஓர் இடம் இருக்க வேண்டும், ஆயுதங்களோடு மண் தோண்டும் ஒரு கருவியையும் வைத்திருக்க வேண்டும், தோண்டி மூடிவிட்டு வர வேண்டும் என்று கட்டளை தரப்பட்டது. ஆண்டவர் பாளையத்தின் நடுவே உலாவுகிறார் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இன்றைய மலையேறும் சங்கத்தார் சொல்லும் விதியும் இதுவே: நீர்நிலையிலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளிச் செல், முக்கால் சாண் ஆழம் தோண்டு, மண்ணிட்டு மூடு. ஒரு சாணுக்குள் இருக்கும் மேல்மண்ணில்தான் மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மிகுதி.

பெரிய கூட்டமாய்த் தங்கும் இளைஞர் முகாம்களுக்கு இது போதாது. ஒரே இடத்தில் நூறு குழிகள் வெட்ட இயலாது. பேரிடர் முகாம்களில், நீர் ஆதாரத்திலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளியும், குழியின் அடி நிலத்தடி நீருக்கு ஒன்றரை மீட்டர் மேலே இருக்குமாறும் அமைக்கச் சொல்கிறார்கள். தஞ்சை, நாகைப் பக்கத்தில் சில அடிகள் தோண்டினாலே நீர் சுரக்கும் இடங்கள் உண்டு. அங்கே குழி வெட்டுவது கிணற்றுக்குள் வெட்டுவதற்கு ஒப்பாகும். அத்தகைய இடத்தில் முகாம் அடிப்பதைவிட, கழிப்பறையுள்ள ஒரு பள்ளிக்கூடத்தையோ மண்டபத்தையோ கேட்டுப் பெறுவதே முறை.

எங்கள் மூன்று தொட்டிகள்

பாத்திரம் கழுவும் கதைக்கு வருவோம். ஊருணி நிகழ்ச்சிக்குப் பிறகு எங்கள் வண்டியில் 200 லிட்டர் டிரம் ஒன்று ஏறிற்று. அதற்கு அடியில் ஒரு குழாய். அதோடு மூன்று பிளாஸ்டிக் தொட்டிகள், பழைய வேட்டித் துண்டு ஒன்று, ஒரு மண்வெட்டி, மூடியுள்ள காலி எண்ணெய் டின் ஒன்று. செலவு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை; இடந்தான் சற்று அடைத்துக்கொண்டது.

உண்டு முடிந்ததும், கழுவுவதற்கு முன் துடைக்கிறோம். வாழையிலையில் உண்பதால் தட்டு கிடையாது. இலையை மாடு தின்னும். குழம்புச் சட்டியை இலைச் சருகாலோ பழைய தாளாலோ வழித்துவிட்டால் பாதி அழுக்கு அதிலேயே போய்விடுகிறது. பொரித்த எண்ணெயை டின்னில் ஊற்றி மூடி ஊருக்கே கொண்டுவருகிறோம். பிறகு முதல் தொட்டியில் சிறிது சீயக்காய்த் தூள் அல்லது சோப்பு, இரண்டாவதில் அலசல், மூன்றாவதில் தெளிந்த நீர். முதல் தொட்டி கலங்கிப்போனால் அதை ஊற்றிவிட்டு, இரண்டாவது தொட்டி முதலாவதாகிறது. முன்பு குளத்தில் எத்தனை குடம் செலவானதென்று எவரும் எண்ணியதில்லை. இப்போது இருபது பேர் சாப்பிட்ட பாத்திரங்களுக்கு நான்கு குடம் போதுமானதாக இருக்கிறது.

சாம்பலும் சீயக்காயும் இயற்கைப் பொருள்தானே, குளத்திலேயே கழுவினால் என்ன என்று எங்கள் குழுவில் ஒரு சித்தி கேட்டார். நல்ல கேள்வி. சாம்பல் காரம் உடையது. மண் தாங்கும், மீன் தாங்காது. 'மக்கும் சோப்பு' என்று கடையில் விற்பதற்கும் இதுவே பொருந்தும். அது மக்குவது மண்ணில், நீரில் அன்று.

கலங்கிய நீரைத் துணியில் வடிகட்டிப் பருக்கைகளை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் நாயும் பெருச்சாளியும் ஈயும் வரும். வடித்த நீரை எங்கே ஊற்றுவது? இதற்கு நம் வீடுகளைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. நம் பாட்டிமார் புழக்கடையில் பாத்திரம் துலக்கிய நீரை வாழைக்கும் தென்னைக்கும் கல்வாழைக்கும் அல்லவா விட்டார்கள்? வாழை அதைக் குடித்துக் குலை தள்ளிற்று. வீட்டில் அவ்வளவு அறிவோடு நடந்துகொள்ளும் நாம், வண்டி ஏறியதும் அதை மறந்துபோவது ஏனோ தெரியவில்லை. ஆகவே இப்போது தோப்புக்காரரிடம் கேட்டே வண்டியை நிறுத்துகிறோம். தென்னை மூட்டில் ஊற்றுகிறோம். இதுவரை எவரும் மறுத்ததில்லை. ஒருவர் இளநீர் வெட்டிக் கொடுத்தார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

மரம் இல்லாத இடமானால் ஓர் அடி ஆழத்தில் குழி வெட்டி, மெல்ல ஊற்றி, மண் மூடிவிடலாம். நிலம் பார்த்து வெட்ட வேண்டும். மலையடிவாரச் செம்மண்ணில் நீர் உடனே இறங்கிவிடும். சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கரிசல் மண், ஈரம் பட்டதும் இறுகிக்கொண்டு நீரைத் தேக்கி வைக்கும், கொசுவும் வரும். அங்கே ஒரே குழியில் கொட்டாமல் பரவலாகத் தெளிப்பது மேல். எங்கும் வழியில்லையென்றால் மூடியுள்ள டிரம்மில் அடைத்து அடுத்த ஊர் வரை சுமக்கலாம். ஆனால் ஓர் இரவுக்கு மேல் வைத்தால் புளித்து நாறும். இதை அனுபவத்தில் சொல்கிறோம். அந்த டிரம் வண்டிக்குள் கவிழ்ந்த கதையை இங்கு எழுதப் போவதில்லை.

சென்ற ஆண்டும் அதே வழியாகவே சென்றோம். ஊருணிக் கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னது எங்கள் பெண்கள்தாம். சமைக்கவில்லை, கீழே இறங்கிப் படியின் மேல்வரிசையில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் நின்றார்கள். குடத்தோடு வந்த அந்த மூதாட்டியைக் காணவில்லை. நீர் இறைத்துக்கொண்டிருந்த ஓர் இளம் பெண், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள். ராயகிரி என்றோம். அவளுக்கு ஊர் தெரியவில்லை. "தண்ணி வேணுமா அக்கா?" என்று கேட்டு, எங்கள் குழந்தைகளின் செம்பில் ஊற்றிக் கொடுத்தாள்.